நாற்பது ஏக்கர் காடும் நவம்பர் மான் வேட்டையும்: விஸ்கான்சினில் நிலம் வாங்குவோர் கேட்கும் கேள்விகள்

மேடிசன், மில்வாக்கி, சிகாகோ பக்கம் வேலை பார்க்கும் நம்மவர்களில் சிலர் விஸ்கான்சினின் தென்மேற்கில் ஒரு துண்டுக் காடு வாங்க நினைக்கிறார்கள். ரிச்லேண்ட், அயோவா, சாக், வெர்னன் கவுண்டிகள் அந்தப் பக்கம்தான். வாங்கியவர்களும் வாங்கப் போகிறவர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே சேர்த்திருக்கிறேன். இலையுதிர் காலத்து மான் வேட்டையும் நிலப் பராமரிப்பும் தனித்தனி வேலைகள் என்று நினைத்து வருபவர்களே அதிகம். இரண்டும் ஒரே வேலை என்பது என் எண்ணம். பதில்களையும் அந்தக் கண்ணோடுதான் எழுதியிருக்கிறேன்.

எல்லாரும் ஏன் நாற்பது ஏக்கர், எண்பது ஏக்கர் என்றே விற்கிறார்கள்?

1785இல் வந்த நில அளவைச் சட்டத்தின் கணக்கு அது. நாட்டின் பெரும்பகுதியைச் சதுர மைல்களாகக் கோடு போட்டுப் பிரித்தார்கள். ஒரு சதுர மைல் 640 ஏக்கர். அதில் கால் பங்கு 160 ஏக்கர், அந்தக் காலிலும் கால் பங்கு 40 ஏக்கர், பக்கத்துக்கு 1,320 அடி. இந்தப் பகுதியைப் பனியாறுகள் மூடவில்லை. அதனால் செங்குத்தான மேடுகளும் குறுகிய பள்ளத்தாக்குகளும் அப்படியே இருக்கின்றன. வரைபடத்தில் சதுரமாகத் தெரியும் நிலம் நேரில் மலைச்சரிவாக இருக்கும். நடந்து பார்க்காமல் வாங்க வேண்டாம்.

என் நிலத்தில் நிற்கும் மான் எனக்குச் சொந்தம்தானே? லைசென்ஸ் எதற்கு?

சொந்தம் இல்லை. நிலம் உங்களுடையது, மான் மக்களுடையது, மக்கள் சார்பில் மாநிலம் அதைக் காக்கிறது. சொந்த நிலமானாலும் மான் வேட்டைக்கு லைசென்ஸ் எடுத்தே ஆக வேண்டும். மாநிலத்தில் வசிப்பவருக்குத் துப்பாக்கி மான் லைசென்ஸ் 24 டாலர், வெளிமாநிலத்தாருக்குப் பல மடங்கு. 1973 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர் என்றால் வேட்டைப் பாதுகாப்பு வகுப்பை முடித்த சான்றும் வேண்டும். வீழ்த்திய மானை மறுநாள் மாலை 5 மணிக்குள் போனிலோ இணையத்திலோ பதிவு செய்ய வேண்டும். பெண் மானுக்கான அனுமதிச் சீட்டு ஆண்டுக்கு ஆண்டு, கவுண்டிக்குக் கவுண்டி மாறும். ஆகஸ்ட் வந்ததும் இயற்கை வளத் துறையின் (டி.என்.ஆர். என்பார்கள்) புது விதிப் புத்தகத்தை எடுத்துப் படித்துவிடுங்கள். போன வருஷ விதி இந்த வருஷம் இருக்கும் என்று எண்ண வேண்டாம்.

நான் ஹெச்1பி விசாவில் இருக்கிறேன். துப்பாக்கி தொடலாமா?

நம்மவர்கள் அதிகம் கேட்கும் கேள்வி இதுதான், மிகவும் கவனமாக நடக்க வேண்டிய இடமும் இதுதான். குடியேற்றம் அல்லாத விசாவில் வந்தவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதைக் கூட்டாட்சிச் சட்டம் பொதுவாகத் தடை செய்கிறது. அதற்கு உள்ள விதிவிலக்குகளில் ஒன்று, அமெரிக்காவில் ஏதாவது ஒரு மாநிலம் முறையாகக் கொடுத்த, காலாவதியாகாத வேட்டை லைசென்ஸ் வைத்திருப்பது. அந்த லைசென்ஸ் கையில் இல்லாத நாளில் நண்பரின் துப்பாக்கியைச் சும்மா வாங்கிப் பார்ப்பதுகூட வம்பு. கிரீன் கார்டு வைத்திருப்பவருக்கு இந்தத் தடை இல்லை. சந்தேகம் துளி இருந்தாலும் குடியேற்ற வழக்கறிஞர் ஒருவரிடம் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். விசாவுக்கு வரும் ஆபத்தோடு ஒப்பிட்டால் அந்தச் செலவு ஒன்றுமே இல்லை.

வில் வேட்டைக்கு இந்தச் சிக்கல் கிடையாது. கூட்டாட்சிச் சட்டத்தின் கண்ணில் வில் துப்பாக்கி ஆகாது. குறுக்குவில்லையும் 2014 முதல் இங்கே எல்லாரும் பயன்படுத்தலாம். புதிதாக வருகிறவர்களுக்கு அதையே முதலில் சொல்வேன். மான் பக்கத்தில் வரும்வரை காத்திருக்க வேண்டியிருப்பதால் காட்டைக் கவனிக்கும் பழக்கம் தானாக வந்துவிடும்.

வேட்டைக் காலம் எப்போது?

வில்லுக்குச் செப்டம்பர் நடுவில் தொடங்கி ஜனவரி வரை. துப்பாக்கிக்கு முக்கியமான ஒன்பது நாள், நன்றியறிதல் நாளுக்கு (தேங்க்ஸ்கிவிங்) முந்தைய சனிக்கிழமை தொடங்கும். அந்த ஒன்பது நாளில் ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் மாநிலம் முழுக்கக் காட்டில் இருப்பார்கள். இடுப்புக்கு மேலே உள்ள மேலுடையில் பாதியாவது பளிச்சென்ற ஆரஞ்சாக இருக்க வேண்டும். 2016 முதல் பளிச்சென்ற இளஞ்சிவப்பும் செல்லும். நீங்கள் வேட்டையாடாமல் வேலி பார்க்கப் போனாலும் அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டே போங்கள். காலையில் எத்தனை மணிக்குத் தொடங்கலாம், மாலையில் எப்போது நிறுத்த வேண்டும் என்பது தேதிவாரியாக அட்டவணையில் இருக்கும்.

வாயில்லா ஜீவனைச் சுடுவது பாவம் இல்லையா? நம் ஊரில் சட்டப்படி குற்றம் ஆயிற்றே?

இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி மானை வேட்டையாடுவது குற்றம்தான், சொந்தப் பட்டா நிலமானாலும். அங்கே அந்தச் சட்டம் தேவை. காடு சுருங்கிவிட்டது. மிச்சம் இருக்கும் காட்டில் புலியும் சிறுத்தையும் செந்நாயும் மானைத் தின்று கணக்கைச் சரிசெய்கின்றன.

இங்கே நிலைமை வேறு. தெற்கு விஸ்கான்சினில் மானை அடிக்கும் பெரிய விலங்குகள் ஏறத்தாழ இல்லை. ஓநாய்கள் பெரும்பாலும் வடக்கே. கயோட்டி நரிகள் குட்டிகளைப் பிடிக்கும், வளர்ந்த மானை அபூர்வமாகத்தான். சோளமும் சோயாவும் விளையும் வயல்களுக்கு நடுவே துண்டு துண்டாகக் காடு. மானுக்கு இதைவிட வசதியான இடம் கிடையாது. நல்ல தீனி கிடைத்த பெண் மான் பெரும்பாலும் இரட்டைக் குட்டி போடும்.

அதனால் காட்டுக்கு என்ன ஆகிறது என்பதை நேரில் பார்க்க வேண்டும். இந்த மலைகள் ஹோ-சங்க் என்ற பூர்வகுடி மக்களின் நிலம். அவர்கள் அடிக்கடி தரைத்தீ வைத்துக் காட்டைத் திறந்து வைத்திருந்தார்கள், ஓக் மரம் அந்தத் தீயைத் தாங்கி நின்றது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் அவர்களை விரட்டிவிட்டு வெள்ளையர் குடியேறியதும் தீ நின்றது. அப்போது முளைத்து எழுந்த ஓக் மரங்கள்தான் இன்று நாம் பார்க்கும் பெரிய மரங்கள், பலவற்றுக்கு 150 வயதுக்கு மேல். நிமிர்ந்து பார்த்தால் அருமையான ஓக் காடு. குனிந்து பார்த்தால் ஓக் கன்று ஒன்று இருக்காது. கொட்டை விழுகிறது, முளைக்கிறது, முழங்கால் உயரம் வருவதற்குள் மான் கடித்துவிடுகிறது. நிழலைத் தாங்கும் மேப்பிள் கன்றுகள்தான் அடியில் நெருக்கமாக நிற்கின்றன. டிரில்லியம் போன்ற வசந்த காலப் பூக்களும் மான் அதிகமான காடுகளில் குறுகிப்போய், பூக்காமல் நிற்கும்.

உங்கள் காட்டில் சோதித்துப் பார்க்க ஆசை என்றால், பத்தடிக்குப் பத்தடி இடத்தைச் சுற்றி உயரமாகக் கம்பிவலை அடித்து விட்டுவிடுங்கள். மூன்று நான்கு ஆண்டுகளில் வலைக்கு உள்ளே இருப்பதையும் வெளியே இருப்பதையும் ஒப்பிட்டால், யாரும் எதையும் விளக்க வேண்டியிருக்காது.

கொல்ல மனம் வரவில்லை என்றால் அதில் தவறே இல்லை. நம்பகமான உள்ளூர் வேட்டைக்காரர் ஒருவருக்கு எழுத்தில் அனுமதி கொடுங்கள். அனுமதிக்குப் பணம் வாங்காத நில உரிமையாளருக்கு, விபத்து வழக்குகளில் மாநிலச் சட்டம் நல்ல பாதுகாப்புத் தருகிறது. குத்தகையாகப் பணம் வாங்குவதென்றால் காப்பீடு பற்றி முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். ஆனால் யாரும் சுட வேண்டாம், காடு தானாகத் தழைக்கும் என்று மட்டும் எண்ணாதீர்கள். இங்கே அது நடப்பதில்லை.

பெரிய கொம்புள்ள ஆண் மானைத்தானே எல்லாரும் தேடுகிறார்கள்?

தேடுகிறார்கள். கொம்பின் மேல் ஆசை வருவது இயல்பு, நான் குறை சொல்லவில்லை. ஆனால் எத்தனை குட்டி பிறக்கும் என்பதைத் தீர்மானிப்பது பெண் மான்களின் எண்ணிக்கை. ஓர் ஆண் மான் பல பெண் மான்களோடு சேரும். ஆணை மட்டும் சுட்டால் எண்ணிக்கை அசையாது. நிலத்துக்காக வேட்டையாடுபவர் முதல் சீட்டைப் பெண் மானுக்குச் செலவழிக்க வேண்டும்.

இந்தச் சண்டை இங்கே பழையது. ஆல்டோ லியோபோல்டு என்ற வன உயிரியல் பேராசிரியர் 1935இல் பாராபூ அருகே விஸ்கான்சின் ஆற்றங்கரையில் வளமிழந்த பண்ணை ஒன்றை வாங்கி, குடும்பத்தோடு ஆயிரக்கணக்கில் பைன் கன்று நட்டவர். வடக்குக் காடுகளில் மான்கள் பட்டினியால் சாவதைப் பார்த்து, கொம்பில்லாத மான்களையும் சுட அனுமதிக்க வேண்டும் என்று வாதாடினார். 1943இல் அப்படி அனுமதி வந்தபோது மாநிலமே கொதித்தது, அவருக்கு வசவு மழை. காட்டைப் பார்த்துச் சொன்ன அவர் பக்கம்தான் நியாயம் என்பது என் தீர்ப்பு.

ஒரு மான் சுற்றித் திரியும் பரப்பு ஏறத்தாழ ஒரு சதுர மைல். அதாவது உங்களுடையதைப் போலப் பதினாறு நாற்பதுகள். நீங்கள் தனியாக எதையும் மாற்ற முடியாது. அக்டோபரில் ஒரு ஞாயிறு, பக்கத்து நிலத்துக்காரர்களோடு உட்கார்ந்து யார் எத்தனை பெண் மான் எடுப்பது என்று பேசிக்கொள்வது எந்தத் துப்பாக்கியையும்விடப் பயன் தரும்.

சி.டபிள்யூ.டி. நோய் என்கிறார்களே, கறியைச் சாப்பிடலாமா?

இந்தப் பகுதியில் நிலம் வாங்குபவர் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டியது இது. க்ரானிக் வேஸ்டிங் டிசீஸ் என்பதன் சுருக்கம், மான்களின் மூளையைச் சிதைக்கும் நோய். கிருமியோ வைரஸோ காரணம் இல்லை. ப்ரையான் எனப்படும் உருக்குலைந்த புரதம்தான் இதைப் பரப்புகிறது. 1967இல் கொலராடோவில் அடைத்து வளர்த்த மான்களில் முதலில் கவனித்தார்கள். விஸ்கான்சினில் 2002இல் மவுண்ட் ஹோரெப் ஊர்ப்பக்கம் தெரியவந்தது. இன்று தென்மேற்கின் சில பகுதிகளில் வளர்ந்த ஆண் மான்களில் மூன்றில் ஒன்றுக்கு மேல் இந்த நோய் இருக்கிறது. எச்சில், சிறுநீர், அழுகிய உடல் வழியாகப் பரவும். மண்ணில் ஆண்டுக்கணக்கில் தங்கும். மருந்தும் இல்லை, தடுப்பூசியும் இல்லை.

நோய் வந்த மான் ஒரு வருஷத்துக்கும் மேல் நன்றாகவே தோற்றமளிக்கும். எலும்பும் தோலுமாக, தலை தொங்கி, எச்சில் ஒழுக நிற்பது கடைசிக் கட்டத்தில்தான். ஆகவே "பார்க்க ஆரோக்கியமாக இருந்தது" என்பது எந்த உத்தரவாதமும் தராது.

மனிதருக்கு இது தொற்றியதாக இதுவரை உறுதியாகவில்லை. ஆனாலும் நோய் உள்ள மானின் கறியைச் சாப்பிட வேண்டாம் என்பதே அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் அறிவுரை. இதில் சமரசம் வேண்டாம். எவ்வளவு வேகவைத்தாலும் ப்ரையான் அழியாது. பிரஷர் குக்கரில் பத்து விசில் விட்டாலும் அப்படித்தான்.

சோதனை இலவசம். கழுத்தில் நாலைந்து அங்குலம் விட்டுத் தலையை வெட்டிப் பையில் போட்டு, துறை வைத்திருக்கும் பெட்டியில் படிவத்தோடு போட்டுவிட வேண்டும். தொண்டைக்குப் பின்னால் இருக்கும் நிணநீர்க் கணுவை எடுத்துச் சோதிப்பார்கள். முடிவு வரும்வரை கறியை மான்வாரியாகப் பிரித்து, சோதனை எண்ணைப் பொட்டலத்தில் எழுதி ஃபிரீசரில் வையுங்கள். இரண்டு மானின் கறியைக் கலந்து அரைத்துவிட்டால் ஒன்றுக்கு நோய் என்றாலும் இரண்டும் குப்பைக்குத்தான். எலும்பு, தலை, குடலைக் காட்டில் வேறோர் இடத்தில் கொண்டுபோய்ப் போடாதீர்கள், குப்பைக் கிடங்குக்கு அனுப்புங்கள். முழு மானை வேறு கவுண்டிக்குக் கொண்டுபோவதற்கும் கட்டுப்பாடு உண்டு.

மானுக்குச் சோளமும் உப்புக்கட்டியும் வைத்தால் என்ன?

இந்தக் கவுண்டிகளில் தடை. பல மான்கள் ஒரே குவியலில் வாய் வைத்தால் நோய் பரவும். க்ளோவர் என்ற தீவனச் செடி, குளிர்கால ரை தானியம் விதைத்துச் சிறு தீனி வயல் போடுவது சட்டப்படி சரி. ஆனால் தீனி போதவில்லை என்பது இங்கே பிரச்சினையே இல்லை. அந்தப் பணத்தைக் காட்டை ஆக்கிரமிக்கும் பக்தார்ன் என்ற குற்றுமரத்தை ஒழிப்பதில் போடுங்கள்.

இலையுதிர் காலத்தில் நிலத்தில் செய்ய வேண்டிய வேலைகள் என்ன?

பக்தார்னிலிருந்தே தொடங்குகிறேன். ஐரோப்பாவிலிருந்து வேலிச்செடியாக வந்து காட்டுக்குள் புகுந்த குற்றுமரம். நம் ஊர்க் காடுகளுக்கு உண்ணிச்செடி செய்வதை இது இங்கே செய்கிறது. அக்டோபர் கடைசியில் மற்ற மரமெல்லாம் மொட்டையாக நிற்கும்போது இது மட்டும் பச்சையாக நிற்கும், தூரத்திலிருந்தே அடையாளம் தெரியும். பட்டையை நகத்தால் கீறினால் உள்ளே ஆரஞ்சு நிறம். தரையோடு ஒட்டி அறுத்து, சில நிமிடங்களுக்குள் அடிக்கட்டையின் விளிம்பு வட்டத்தில் களைக்கொல்லியைத் தடவ வேண்டும். பட்டைக்கு உள்ளே இருக்கும் அந்த மெல்லிய வளையம்தான் வேருக்கு மருந்தைக் கொண்டுபோகும். நடுக்கட்டையில் ஊற்றுவது வீண். தடவாமல் விட்டால் ஒன்றுக்குப் பத்தாகத் துளிர்க்கும். கறுப்புப் பழம் தொங்கும் பெண் மரங்களை முதலில் வெட்டுங்கள். கீழே விழுந்த விதை சில ஆண்டுகள் முளைத்துக்கொண்டே இருக்கும், அதனால் வருஷா வருஷம் ஒரு சுற்று வர வேண்டும்.

அடுத்தது கன்றுகள். வெள்ளைப் பைன் நட்டிருந்தால் நுனிமொட்டைக் குளிர்காலத்தில் மான் கடிக்காமல் காகிதத் தொப்பி போடுவது இங்குள்ள வழக்கம். நாலுக்கு ஆறு அங்குலக் காகிதத்தை நுனிமொட்டைச் சுற்றி மடித்து, சில ஊசியிலைகளையும் சேர்த்துப் பிடித்து ஸ்டேப்ளர் அடிக்க வேண்டும். இலை மாட்டினால்தான் காற்றில் நழுவாது. மொட்டு காகிதத்தின் மேல்விளிம்புக்குச் சற்றுக் கீழே இருக்கட்டும், வசந்தத்தில் தளிர் மேலே முட்டிக்கொண்டு வந்துவிடும். மானின் வாய்க்கு எட்டாத உயரம் வரும்வரை ஒவ்வோர் ஆண்டும் செய்ய வேண்டும். குளிரில் விரல் மரத்துப்போகும் வேலைதான், ஆனால் பிள்ளைகளும் சேர்ந்து செய்யலாம். ஓக் கன்றுக்கு ஐந்தடி உயரக் கம்பிக்கூண்டு.

ஓக் மரக் கிளையைக் கழிக்க வேண்டியிருந்தால் இலை உதிர்ந்த பிறகு செய்யுங்கள். ஏப்ரல் முதல் ஜூலை வரை ஓக்கைத் தொடவே கூடாது. அப்போது வெட்டுக்காயத்தின் வாசனைக்கு வரும் வண்டுகள் ஓக் வாடல் நோயின் பூஞ்சையைக் கொண்டுவரும், ஒரு மரத்திலிருந்து வேர் வழியாகப் பக்கத்து மரத்துக்கும் போகும். ஆஷ் மரங்கள் இருந்தால் அவற்றின் அடியில் பரண் போடாதீர்கள். மரகதத் துளைப்பான் வண்டு 2008இல் இந்த மாநிலத்தில் தென்பட்டதிலிருந்து அவை செத்துக்கொண்டு வருகின்றன, செத்த மரம் சொல்லாமல் விழும்.

எல்லைப் பலகை, பாதையில் விழுந்த மரம், மழைநீர் பாதையை அரிக்காமல் குறுக்கு வாய்க்கால், இவையெல்லாம் துப்பாக்கிக் காலத்துக்கு முன்னரே முடிந்திருக்க வேண்டும்.

பரண் பாதுகாப்பானதா?

வேட்டையில் குண்டடி மட்டும்தான் ஆபத்து என்று பயப்படுகிறவர்கள், மரப்பரணிலிருந்து விழுந்து முதுகெலும்பு முறிவதை மறந்துவிடுகிறார்கள். தரையிலிருந்து கால் எடுக்கும் நொடி முதல் திரும்பக் கால் வைக்கும்வரை உடல்வார் மாட்டியிருக்க வேண்டும். துப்பாக்கியைத் தோட்டா இல்லாமல் கயிற்றில் கட்டித் தனியே மேலே இழுங்கள். போன வருஷம் கட்டிய பட்டை வாரை இந்த வருஷம் நம்ப வேண்டாம். வெயிலில் இற்றிருக்கும், அணில் கடித்திருக்கும். அப்புறம், மானுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று தெரியாமல் விசையில் விரல் வைக்கவே கூடாது. மேட்டுமுகட்டில் வானத்தை முட்டிக்கொண்டு நிற்கும் மானைச் சுடாதீர்கள், அந்தப் பக்கம் யார் வீடு இருக்கிறதோ.

குளிர் வந்துவிட்டால் உண்ணி இருக்காதே?

இருக்கும். லைம் நோயைப் பரப்பும் கறுப்புக்கால் உண்ணியின் வளர்ந்த பருவம் அக்டோபர், நவம்பரில்தான் சுறுசுறுப்பு. பெர்மெத்ரின் என்ற பூச்சிமருந்து தெளித்த உடை போடுங்கள். வீடு திரும்பியதும் குளித்து, அக்குள், தொடையிடுக்கு, முழங்கால் மடிப்பு, காதுக்குப் பின்னால் பாருங்கள்.

அடிபட்ட மான் பக்கத்து நிலத்துக்குள் ஓடிவிட்டால்?

அனுமதி இல்லாமல் எல்லையைத் தாண்டக் கூடாது, ரத்தத் தடம் கண்ணெதிரே தெரிந்தாலும். அதனால்தான் அண்டை வீட்டார் போன் நம்பர் எல்லாம் செப்டம்பரிலேயே கையில் இருக்க வேண்டும் என்கிறேன். அனுமதி தர அவருக்கு எந்தக் கட்டாயமும் இல்லை. அவரோடு முன்பே பேசிப் பழகியிருந்தால் பெரும்பாலும் விளக்கையும் எடுத்துக்கொண்டு கூடவே வருவார்.

சொத்து வரியைக் குறைக்க வழி உண்டா?

உண்டு. 1985இல் வந்த நிர்வகிக்கப்பட்ட காடுகள் சட்டம். குறைந்தது 20 ஏக்கர், அதில் 80 சதவீதம் மரம் வளரும் காடாக இருக்க வேண்டும். 25 அல்லது 50 ஆண்டு ஒப்பந்தம். வரி வெகுவாகக் குறையும், பதிலுக்கு வனத்திட்டத்தில் சொன்ன ஆண்டில் சொன்ன மரத்தை வெட்டியே தீர வேண்டும். பொதுமக்களுக்குத் திறந்துவிட்டால் வரி இன்னும் குறைவு, ஆனால் முன்பின் தெரியாதவரும் வந்து உங்கள் காட்டில் வேட்டையாடலாம். நடுவில் விலகினால் அபராதம் கனமாக விழும். நீங்கள் வாங்கும் நிலம் ஏற்கெனவே இந்த ஒப்பந்தத்தில் இருக்கிறதா என்று கையெழுத்துக்கு முன் பாருங்கள். ஒப்பந்தம் நிலத்தோடு வரும்.

கறியை எப்படிச் சமைப்பது? விற்கலாமா?

விற்கக் கூடாது, சட்டம் தடுக்கிறது. கொடுக்கலாம். உணவு வங்கிகளுக்கு மான் கறி தானம் செய்யும் திட்டமும் பல கவுண்டிகளில் உண்டு.

"மான் கறி கவுச்சி" என்பவர்கள் பெரும்பாலும் சரியாகக் குளிர்விக்காத கறியைச் சாப்பிட்டவர்கள். வீழ்த்திய உடனே குடலை எடுத்து, உடம்புக்குள் காற்று போக விட வேண்டும். நவம்பரில் சில நாள் வெயில் அடிக்கும், அன்றைக்கு ஐஸ் பை தயாராக இருக்கட்டும். மான் கொழுப்பு ஆட்டுக் கொழுப்பு மாதிரி இல்லை, ஆறினால் மெழுகாக அண்ணத்தில் ஒட்டும். அதையும் வெள்ளைச் சவ்வையும் பொறுமையாகச் சீவி எடுத்துவிடுங்கள். ஈயத் தோட்டா சிதறிய காயத்தைச் சுற்றி ஒரு சாண் கறியைத் தள்ளிவிடுங்கள். செம்புத் தோட்டா பயன்படுத்தினால் இந்தக் கவலை இல்லை.

முதுகுக்கறி மிருதுவானது. மிளகு, உப்பு, நெய் போதும், அதிகம் வதக்கினால் ரப்பராகிவிடும். முன்னங்கால், கழுத்துக் கறிக்குச் சின்ன வெங்காயமும் வறுத்தரைத்த மல்லி மிளகும் போட்டுக் குக்கரில் நன்றாக வேகவிட்டு, கடைசியில் இரும்புச் சட்டியில் நல்லெண்ணெய் ஊற்றிச் சுக்காவாகச் சுருட்டி எடுங்கள். கறியில் கொழுப்பே இல்லாததால் எண்ணெய் கொஞ்சம் தாராளமாகவே தேவைப்படும். சோதனை முடிவு வந்த பிறகுதான் அடுப்பைப் பற்றவைக்க வேண்டும்.